அடிபட்ட மூளைக்கு அடுத்து நேர்வது

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பின் காலி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்ட ஒருவர் நினைவிழந்து கிடந்தால், கூடி நிற்பவர்கள் முதலில் தேடுவது தண்ணீர்ப் போத்தலைத்தான். இரக்கத்தால் நீளும் கைதான் அது. ஆயினும் நினைவற்றவரின் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். கழுத்தை வளைக்காமல், மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

அடி விழுந்த கணத்திலேயே மடிந்த நரம்புக் கலங்களை எந்த வைத்தியராலும் மீட்க இயலாது. ஆனால் அதன்பின் வரும் மணித்தியாலங்களில் கசியும் இரத்தமும் பெருகும் வீக்கமும், விரிய இடந்தராத மண்டையோட்டுக்குள் அழுத்தத்தை உயர்த்தி, மூளைக்குச் செல்லும் குருதியைக் குறைக்கின்றன. அந்நேரத்தில் ஒட்சிசனோ இரத்த அழுத்தமோ குறைந்துவிட்டால், பிழைத்திருந்த கலங்களும் அழிகின்றன. சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது அழிவோடு நடக்கும் போராட்டமே.

1974இல் கிளாஸ்கோ நகரில் ரீஸ்டேல், ஜெனெற் ஆகிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் இருவரும் வகுத்த நினைவுநிலை அளவுகோல் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றுக்கு 3 முதல் 15 வரை புள்ளியிடுகிறது. 8 அல்லது அதற்குக் கீழென்றால் காயம் கடுமையானது. சி.ரி. ஸ்கானில் பெரிய இரத்தக்கட்டி தெரிந்தால் சத்திரசிகிச்சை செய்து அகற்றுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி வைத்து, தாதி அடிக்கடி இமைகளைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து, ஒளிக்குச் சுருங்காதிருந்தால், அக்கணமே வைத்தியரை அழைப்பார். மண்டையோட்டின் உள்ளழுத்தம் 22 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டினால், அதைத் தணிக்க மனிற்றோல் என்ற மருந்து அல்லது செறிந்த உப்புக் கரைசல் ஏற்றப்படும்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை வைத்தியத்துறையும் பட்டே அறிந்தது. வீக்கத்தை வற்றவைக்கும் என நம்பிப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்ட ஸ்ரெரொயிட் மருந்து மரணங்களைக் கூட்டுகிறது என்பதை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்ட ஆய்வொன்று 2004இல் காட்டியது.

எதற்கும் அழுத்தம் தணியாதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றுவதுண்டு. 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் மருந்துச் சிகிச்சையைத் தொடரும் குழுவில் சேர்க்கப்பட்டோரில் 48.9 வீதத்தினரும், எலும்பை அகற்றும் குழுவில் சேர்க்கப்பட்டோரில் 26.9 வீதத்தினரும் இறந்திருந்தனர். ஆனால் உணர்வற்ற நிலையில் வாழ்ந்தோர் முறையே 2.1 வீதமும் 8.5 வீதமும் ஆவர். ஆகவே சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன், “பிழைப்பாரா” என்பதோடு “பிழைத்தால் எந்நிலையில் இருப்பார்” என்றும் உறவினர் கேட்க வேண்டும். எத்தனை நெருக்கடியிலும் வைத்தியர் அதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.