எம்பயர் ஸ்டேட் கட்டடம் பிறந்த குழி இங்கே இருக்கிறது! புளூமிங்டனிலிருந்து ஒரே நாளில் ரோடு ட்ரிப்

[திரையில்: எம்பயர் ஸ்டேட் கட்டடம், கீழிருந்து மேலே போகும் ஷாட்]

102 மாடி. 1931-ல் திறந்தபோது உலகத்திலேயே உயரமான கட்டடம். இதன் வெளிச்சுவர்க் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நியூயார்க் பக்கத்தில் எங்கேயோ என்று நினைப்பீர்கள். இல்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், இந்தியானா மாநிலத்தில், ஊலிட்டிக் என்கிற சின்ன ஊர்ப் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து வெட்டி எடுத்து ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் குழி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. புளூமிங்டனிலிருந்து அரை மணி நேர ஓட்டம்.

வணக்கம்! இந்த வீடியோ புளூமிங்டனில், அதாவது இந்தியானா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு. அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும்தான். லாங் வீக்கெண்ட் வந்தாலே எல்லோரும் சிகாகோவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போக 230 மைல், வர 230 மைல். நாலு மணி நேரம் ஓட்டி, பார்க்கிங்குக்கு அலைந்து, ஒரு போட்டோ எடுத்துவிட்டு மறுபடி நாலு மணி நேரம். சிகாகோ அருமையான ஊர், மறுக்கவில்லை. அதற்கு மூன்று நாள் ஒதுக்கிப் போங்கள். ஒரே ஒரு சனிக்கிழமை கையில் இருந்தால் வண்டியைத் தெற்கே திருப்புங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் சலிப்பான விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். வாடகைக் கார் எடுக்கும்போது 25 வயது ஆகவில்லை என்றால் நாள் கணக்கில் கூடுதல் கட்டணம் போடுவார்கள். அதனால் குழுவில் வயதில் மூத்தவர் பெயரில் எடுங்கள், ஓட்டப் போகிற எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். ஊருக்குள் இருக்கும் கார் கடைகள் பல சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. வெள்ளி மாலையே வண்டியை எடுத்துவிடுவது நல்லது. பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் மேட்ச் இருக்கிற சனிக்கிழமையா? காலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டேடியம் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இந்தியானா, கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சூரியன் இங்கே தாமதமாக வந்து தாமதமாகப் போகும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால்கூட ஒரு முழுப் பயணம் போய் வரலாம். டிசம்பரில் நிலைமை வேறு. விடியவே எட்டு மணி ஆகிவிடும், ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதே பயணத்தைக் கோடையிலும் குளிரிலும் ஒரே மாதிரி திட்டம் போட முடியாது.

அதோடு, இந்த மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேரம் ஓடுகிறது! ஆபிரகாம் லிங்கன் 7 வயதிலிருந்து 21 வயது வரை வளர்ந்த பண்ணை தெற்கு இந்தியானாவில் இருக்கிறது, இப்போது அது தேசிய நினைவிடம். அது இருக்கும் ஸ்பென்சர் கவுண்டி மத்திய நேரத்தில் இயங்குகிறது. போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் நஷ்டம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கல்லுக்கு வருவோம்.

[திரையில்: சாம்பிள் கேட்ஸ், கல்லின் குளோஸ்-அப்]

பயணம் கிளம்புவதற்கு முன்னால் கேம்பஸ் வாசலில் இருக்கும் சாம்பிள் கேட்ஸ் பக்கம் போய் நில்லுங்கள். எல்லோரும் பட்டமளிப்பு அன்று போட்டோ எடுக்கும் இடம். போட்டோ வேண்டாம், கல்லைப் பாருங்கள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ரவையை அழுத்திப் பிடித்து வைத்த மாதிரி பொடிப்பொடியாக மணிகள் தெரியும். நடுநடுவே குட்டி வட்டத் தட்டுகளும் உடைந்த கிளிஞ்சல் துணுக்குகளும் இருக்கும். அத்தனையும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். அதன் அடியில் சேர்ந்த சிறு கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் இறுகித்தான் இந்தச் சுண்ணாம்புக்கல் உண்டானது. கடலே இல்லாத மாநிலத்தில் கடலைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்!

இதில் கல்தச்சர்கள் கொண்டாடும் குணம் ஒன்று உண்டு. இந்தக் கல்லுக்குத் திசை கிடையாது. பல பாறைகள் ஒரு பக்கம் வெட்டினால் நேராக வரும், இன்னொரு பக்கம் வெட்டினால் பிளந்துகொள்ளும். இது எந்தப் பக்கம் உளி வைத்தாலும் ஒரே மாதிரி வெட்டுப்படும். அதுவும் பூமியிலிருந்து எடுத்த புதிதில் ஈரத்தோடு மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டுக் காயக் காயக் கெட்டியாகும். செதுக்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வாஷிங்டன் நேஷனல் கதீட்ரல், பென்டகன் எல்லாம் இந்தக் கல்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் பென்டகன் சுவர் இடிந்தபோது, திரும்பக் கட்டவும் இந்தியானாவிலிருந்துதான் கல் போனது.

அந்த எம்பயர் குவாரிக்குள் இறங்கிப் பார்க்கலாமா என்று உடனே கேட்பீர்கள். முடியாது. அது தனியார் நிலம். இந்தப் பகுதியில் கைவிட்ட குவாரிகள் நிறைய இருக்கின்றன, பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கி ஆளை இழுக்கும். தயவுசெய்து வேலி தாண்டிப் போய்க் குதிக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் பாறை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. உயிர் போயிருக்கிறது.

அதற்குப் பதிலாக 37-ஆம் சாலையைப் பிடித்துத் தெற்கே போங்கள். ரோட்டு ஓரத்திலேயே லாரி உயரத்துக்குக் கற்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஊலிட்டிக்கில் டவுன் ஹால் முன்னால் ஒரு குத்துச்சண்டை வீரர் சிலை நிற்கும். ஜோ பலூக்கா, அந்தக் காலத்து காமிக்ஸ் ஹீரோ. 1948-ல் இந்தக் கல்லில் செதுக்கியது. இறங்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இதே பக்கத்தில்தான் ஒரு பெரிய கனவு பாதியில் நின்றது. 1970-களின் கடைசியில், சுண்ணாம்புக்கல்லைப் பார்க்க உலகமே வர வேண்டும் என்று எகிப்துப் பிரமிடுக்கும் சீனப் பெருஞ்சுவருக்கும் சிறிய நகல்கள் கட்ட ஆரம்பித்தார்கள்! மத்திய அரசுப் பணமும் வந்தது. வில்லியம் புராக்ஸ்மயர் என்கிற செனட்டர், அரசுப் பணத்தை வீணடிப்பவர்களுக்கென்றே கொடுத்துவந்த 'கோல்டன் ஃப்ளீஸ்' விருதை 1981-ல் இதற்குக் கொடுத்தார். நாடு முழுக்கப் பேச்சாகி வேலை அப்படியே நின்றுபோனது. எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் மரியாதைதான் வருகிறது. தங்கள் மண்ணில் இருக்கும் பொருளை அவ்வளவு நம்பியிருக்கிறார்கள்.

[திரையில்: பெட்ஃபோர்டு, கிரீன் ஹில் கல்லறைத் தோட்டம்]

அடுத்தது பெட்ஃபோர்டு. புளூமிங்டனிலிருந்து 25 மைல். இங்கே நான் உங்களை அழைத்துப் போகிற இடம் ஒரு கல்லறைத் தோட்டம். ட்ரிப் போகிறோம், சுடுகாட்டுக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் நான் பார்த்த மிக நல்ல சிற்பக் கூடங்களில் இது ஒன்று, டிக்கெட்டும் கிடையாது. கல் வேலை செய்தவர்கள் தங்கள் சொந்தங்களுக்குச் செதுக்கியவை இங்கே நிற்கின்றன. பட்டையும் கொடியும் அச்சு அசலாகத் தெரியும்படி மரத்துண்டு வடிவில் கல்லறைகள் இருக்கின்றன.

லூயிஸ் பேக்கர் என்பவரின் கல்லறையைத் தேடிப் பிடியுங்கள். கல்தச்சர். 1917-ல் மின்னல் தாக்கி இறந்தார். வயது 23. அவரோடு வேலை பார்த்தவர்கள் தேவதைச் சிலையோ சிலுவையோ வைக்கவில்லை. அவர் வேலை செய்த மேசையை, கடைசியாக அவர் விட்டுப்போன நிலையிலேயே, நிஜ அளவில் கல்லில் செதுக்கி வைத்தார்கள். மரப்பலகைகள் கல்லில். சுத்தியல் கல்லில். உளிகள் கல்லில். பாதி வேலையில் எழுந்துபோன மாதிரி கருவிகள் மேசைமேல் கிடக்கின்றன. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் செய்கிற மரியாதை இப்படி இருக்க வேண்டும். அவசரப்படாமல் மேசையைச் சுற்றி வந்து பாருங்கள், மேலே ஏறி உட்கார்ந்து போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் போனால் மிட்செல் பக்கத்தில் ஸ்பிரிங் மில் ஸ்டேட் பார்க். வாசலில் உங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் கட்டணம் சொல்வார்கள். இந்தியானா பிளேட் என்றால் குறைவு, வெளிமாநில பிளேட் என்றால் கூடுதல். நீங்கள் இந்தியானாவில் குடியிருந்தாலும் வாடகைக் காரில் வேறு மாநில பிளேட் இருந்தால் கூடுதல்தான். கார் எடுக்கும்போதே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம், பார்க்கில் பிக்னிக் மேசைகள் இருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த வழியில் கடையை நம்பிப் போக வேண்டாம், சிறிய ஊர்களில் பெரும்பாலும் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்தான் கிடைக்கும். காலையில் புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். சாப்பிட்டு முடித்துப் பழைய மாவரைக்கும் ஆலைக்கு நடந்து போங்கள். 1817-ல் எழுந்த ஆலை, சுவரெல்லாம் அதே சுண்ணாம்புக்கல். தண்ணீர் விழுந்து பெரிய மரச் சக்கரம் சுற்ற, உள்ளே இன்றைக்கும் சோளம் அரைத்துக் காட்டுகிறார்கள். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்ததால் பார்க்குக்குள் குகைகளும் இருக்கின்றன. பருவ மாதங்களில் ஒரு குகைக்குள் படகில் கூட்டிப் போவார்கள், கண்ணே இல்லாத மீன்கள் அங்கே வாழ்கின்றன.

அப்புறம், அதே பார்க்கில் ஒரு விண்கலம்! மாதிரி இல்லை, 1965-ல் நிஜமாக விண்வெளிக்குப் போய் வந்த ஜெமினி 3. அதை ஓட்டிய கஸ் கிரிஸம் மிட்செல் ஊர்க்காரர். நேரில் பார்த்தால் இதற்குள்ளா இரண்டு பேர் உட்கார்ந்தார்கள் என்று தோன்றும், அவ்வளவு குறுகல். கூடப் போன ஜான் யங், யாருக்கும் தெரியாமல் ஒரு மாட்டிறைச்சி சாண்ட்விச்சைக் கொண்டு போய் நடு விண்வெளியில் கிரிஸமிடம் நீட்டினார். ரொட்டித்தூள் எடையில்லாமல் மிதந்து கருவிகளுக்குள் போனால் என்ன ஆவது? கிரிஸம் உடனே அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். இது அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேச்சானது. கிரிஸம் 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் இறந்தார். மிட்செல் ஊருக்குள் அவர் நினைவாக ஒரு ராக்கெட் நிற்கிறது. எதில் செய்தது? அதே கல்லில்தான்.

[திரையில்: வெஸ்ட் பேடன் ஹோட்டலின் உள்கூரை]

கடைசி நிறுத்தம் வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல். 1902-ல் கட்டியது. தூணே இல்லாமல் 200 அடி அகலத்துக்கு ஒரு குவிமாடம், சுற்றிலும் ஆறு மாடி அறைகள். 1955 வரை அமெரிக்காவில் இதைவிடப் பெரிய குவிமாடம் கிடையாது. 1929 பொருளாதாரச் சரிவில் ஹோட்டல் படுத்துவிட்டது. 1934-ல் உரிமையாளர் இதை ஒரு டாலருக்கு இயேசு சபைப் பாதிரியார்களுக்குக் கொடுத்துவிட்டார். கல்லூரியானது, காலியானது, 1991-ல் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. பிறகு பெரும் செலவில் சீர்செய்து 2007-ல் மறுபடி ஹோட்டலாகத் திறந்தார்கள். தங்குவதற்கு மாணவர் பர்ஸ் தாங்காது. ஆனால் உள்ளே வழிகாட்டியோடு டூர் நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மொத்த ஓட்டம் எவ்வளவு? போக வரச் சேர்த்து 110, 120 மைல். நாள் முழுக்கச் சுற்றினாலும் வண்டிக்குள் இருக்கும் நேரம் மூன்று மணி நேரத்தைச் சுற்றித்தான். எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே வழியில். நேரம் போதவில்லை என்றால் எந்த இடத்திலிருந்தும் திரும்பி வந்துவிடலாம்.

மற்ற திசைகள்? கிழக்கே பிரவுன் கவுண்டி, அக்டோபரில் இலை நிறம் மாறும்போது போக வேண்டிய இடம். ஆனால் அந்த வார இறுதிகளில் அங்கே இருக்கும் நாஷ்வில் என்கிற சின்ன ஊருக்குள் (டென்னசியின் நாஷ்வில் இல்லை) வண்டி நகராது, வார நாளில் வகுப்பு இல்லாத மதியம் போங்கள். அதையும் தாண்டினால் கொலம்பஸ். சிறிய ஊர், ஆனால் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களான ஐ. எம். பெய் கட்டிய நூலகமும் சாரினென் அப்பாவும் பிள்ளையும் கட்டிய தேவாலயங்களும் அங்கே இருக்கின்றன. பொதுக் கட்டடங்களுக்கு நல்ல கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டால் அவர் சம்பளத்தை நாங்கள் தருகிறோம் என்று கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியின் அறக்கட்டளை சொன்னதால் வந்த அதிசயம் அது. அதற்குத் தனி வீடியோவே போடுகிறேன். அந்தக் கம்பெனியை நடத்திய மில்லரின் வீடும் அங்கே இருக்கிறது, அதைப் பார்க்க முன்பதிவு வேண்டும் என்பதை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வடக்கே இண்டியானாபொலிஸ், ஒரு மணி நேரம், எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது ஒரு விஷயம். அக்டோபர், நவம்பர் அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். ஒன்று குறுக்கே ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். மானைத் தவிர்க்க ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பாதீர்கள். வண்டி மரத்திலோ எதிர் வண்டியிலோ மோதுவது அதைவிட ஆபத்து. நேராகப் பிடித்து பிரேக் போடுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது, அவர் வேலை சாலை ஓரத்தைப் பார்ப்பது.

எய்ம்ஸ், ஷாம்பெய்ன், வெஸ்ட் லஃபாயட், ஆன் ஆர்பர் மாதிரி மற்ற பல்கலைக்கழக ஊர்கள் பக்கம் இருக்கிறவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் யாருக்கும் தெரியாத இடம் எது என்று கமெண்டில் எழுதுங்கள், எந்த மாதம் போகலாம் என்பதையும் சேர்த்து. அடுத்த ஊரை அதிலிருந்துதான் எடுக்கப் போகிறேன்.