உளோம் போகீர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் அழகாகப் பேசிவிட்டு அமர்ந்தார். "கடவுள் மௌனமாக இருந்தால் நாமும் வாய்மூடிக் காத்திருப்பதே பக்தி, திரும்பத் திரும்பக் கேட்பதும் புலம்புவதும் நம்பிக்கைக் குறைவு" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், அவர் தமிழுக்காக.

ஆனால் ஐயா, இதைத் தேவாரம் பாடிய சுந்தரரிடம் சொல்ல முடியுமா? மனைவி சங்கிலியாருக்கு, 'உன்னைப் பிரியேன்' என்று செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவருடையதுதான், மறுக்கவில்லை. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, 'கோயிலுக்குள் இருக்கிறாயா?' என்று கேட்கிறார். தோழன் என்று பழகிய சிவன், பின்னாளில் இவருக்காகத் தூதும் நடந்தவன், உள்ளிருந்து என்ன சொன்னான்? "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போம்! கடன் கேட்டு வந்தவனை வாசலோடு அனுப்புகிற குரல் அது. 'போடா' என்றிருந்தால்கூட அதில் ஓர் உரிமை இருந்திருக்கும். அந்தப் 'போகீர்' என்கிற மரியாதை இருக்கிறதே, அதுதான் சுடுகிறது. கைக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல்.

வாய்மூடினாரா? அந்த இரண்டு சொல்லையே பதிகத்தில் வைத்துப் பாடினார். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. போதும் என்று அடங்கினாரா? திருவாரூருக்குப் போய், 'வாழ்ந்து போதீரே', அதாவது நல்லா இருந்துட்டுப் போங்க என்று பாட்டுக்குப் பாட்டு சண்டை! அதன் பிறகுதான் வலக்கண். அந்தச் சண்டையை ஏழாம் திருமுறையில் வைத்து இன்றும் ஓதுகிறோம். சிலுவையில் இயேசு எழுப்பிய குரலும், 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற 22ஆம் சங்கீதம்தான். கைவிட்டவரிடமே கேட்கிற கேள்வி.

'சுந்தரருக்குக் கண் வந்தது, உமக்கு என்ன வந்தது?' என்பார் நண்பர். ஒன்றும் வரவில்லை. அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஆறு இரவும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து வேண்டினேன். நாலாவது இரவே வார்த்தை தீர்ந்துவிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, 'என்ன சாமி இது' என்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா வீடு திரும்பவில்லை.

பிறகு ஒரு மாதம், நண்பர் சொன்ன மௌனத்தையும் பழகிப் பார்த்தேன். அது காத்திருப்பு இல்லை ஐயா, பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. ஒருநாள் அலமாரியில் அந்தக் கண்ணாடிக்கூடு கையில் பட்டது. வாய் தானாக, 'என்ன சாமி இது' என்றது. பதில் இல்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். இன்னும் முடியவில்லை, நீங்கள் தீர்ப்புச் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போய் மீதியை ஆரம்பிக்க வேண்டும்.