குவிட்டைச் செல்லாது என்று அறிவிக்க முடியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "காசு மாறினால் அதன் செல்லப்பெயரும் சாகும்" என்று எதிரணி பிரிட்டனையும் அயர்லாந்தையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறது. அதே இரண்டு சாட்சிகளையும் நான் குறுக்கு விசாரணை செய்கிறேன். சாகாது என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் 1971 பிப்ரவரி 15-ஆம் தேதியை ஒரு கருமாதி நாளைப்போல வர்ணித்தார். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 240 பென்னி என்றிருந்த கணக்கு அன்றைக்கு 100 புதுப் பென்னியாகச் சுருங்கியது. ஆறு பென்னிக் காசுக்கு 'டானர்' என்று பெயர், அது போய்விட்டது என்றார். ஒப்புக்கொள்கிறேன், டானர் செத்தது. ஆனால் எதனால் செத்தது என்று ஒரு பிரேதப் பரிசோதனை செய்துவிட்டல்லவா எரிக்க வேண்டும்?

ஒரு ஷில்லிங் சரியாக 5 புதுப் பென்னி. அதில் சிக்கல் இல்லை. ஷில்லிங்குக்குக் கீழேதான் தகராறு. கடைக்காரர்களின் மாற்று அட்டவணைப்படி பழைய 2 பென்னிக்கும் ஒரு புதுப் பென்னி, பழைய 3 பென்னிக்கும் அதே ஒரு புதுப் பென்னி! ஆறு பென்னிக்கு வந்தது இரண்டரை. புது வரிசையில் இரண்டரைக்கென்று ஒரு காசே அடிக்கவில்லை. பழைய ஆறு பென்னிக் காசையே 1980 ஜூன் வரை இரண்டரை என்று ஓட்டினார்கள், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். 'டானர்' என்ற பெயர் அந்த ஒரு காசின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது. குதிரை விழுந்தது, சவாரிக்காரனும் விழுந்தான்.

ஆனால் 'பாப்' என்ற பெயரைப் பாருங்கள். அது ஷில்லிங்கின் செல்லப்பெயர். இன்று லண்டனில் 5 பென்னிக் காசை யாரும் பாப் என்பதில்லை, எதிரணி இதைச் சொன்னது சரிதான். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பசையுள்ள ஆளைப் பற்றிப் பேசும்போது 'அவனிடம் நாலு பாப் இருக்கிறது' என்கிற மாதிரிதான் இன்னும் பேசுகிறார்கள். போலி ஆசாமியை 'ஒன்பது பாப் நோட்டு' என்பார்கள். பத்து ஷில்லிங் நோட்டு இருந்தது, ஒன்பதுக்கு நோட்டு என்றைக்குமே இருந்ததில்லை. அதனால் ஒன்பது பாப் நோட்டு கையில் இருந்தால் அது கள்ளநோட்டாகத்தானே இருக்க முடியும்? 1969-இல் 50 பென்னிக் காசு வந்தது, மறுவருஷம் பத்து ஷில்லிங் நோட்டே போனது. இல்லாத நோட்டைச் சொன்ன கிண்டல் மட்டும் போகவில்லை! காசை விட்டு நேரத்தோடு இறங்கத் தெரிந்த பெயர் பிழைத்துக்கொள்ளும்.

புதுப் பென்னியைச் சுருக்கி ஆங்கில எழுத்தால் 'பீ' என்று சொல்லப்போய் இன்னொரு கூத்து. அந்த ஓசைக்கு அங்கே சிறுநீர் என்று பொருள். (தமிழ்க் காதுக்கு அது இன்னும் ஒரு படி மோசம், விட்டுவிடுவோம்.) இதில் வேடிக்கை, அந்தக் காரியத்துக்குப் போவதை அவர்கள் ஏற்கெனவே 'ஒரு பென்னி செலவழிக்கப் போகிறேன்' என்றுதான் நாசூக்காகச் சொல்லி வந்தார்கள். பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னியைப் போட்டால்தான் தாழ் திறக்கும், அதனால் வந்த வழக்கு. அந்தப் பழைய பென்னி 1971-இல் ஒழிந்தது. பெரிய ரயில் நிலையங்களில் 2019-இல் கட்டணமே ஒழிந்தது. இலவசமாகப் போகிறவரும் பென்னியைச் செலவழிக்கத்தான் போகிறார்.

1983-இல் ஒரு பவுண்டு நோட்டுக்குப் பதிலாக நிக்கல் பித்தளையில் காசு வந்தது. உடனே அதற்கு 'மேகி' என்று பெயர் வைத்தார்கள், அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் நினைவாக. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது: தடிமன், பித்தளை, சாவரின் என்று நினைப்பு! மூன்று சொல்லுக்கும் ஆங்கிலத்தில் இரட்டைப் பொருள். தடிமன் என்ற சொல்லே மந்தபுத்தியையும் குறிக்கும், பித்தளை என்றால் துடுக்கு, சாவரின் என்றால் ஒரு பவுண்டுத் தங்கக் காசு, கூடவே முடிசூடிய அரசரும். மேகி என்ற பெயர் நிலைக்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. அதுவும் ஒரே காசின் முதுகில் ஏறிய பெயர்தானே. ஆனால் சாவரின்? அந்தத் தங்கக் காசின் எடை 7.98 கிராம். அதை 8 கிராமாக்கி 'சவரன் என்ன விலை' என்று இந்த அரங்கில் கேட்காத குடும்பம் உண்டா? அந்தக் காசைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்!

இப்போது எதிரணியின் பிரம்மாஸ்திரம். பவுண்டுக்கு 'குவிட்' என்று செல்லப்பெயர், அது இன்றும் வாழ்கிறது என்று எங்கள் அணி சொன்னதற்கு, "பவுண்டு வாழ்கிறது, அதனால் குவிட்டும் வாழ்கிறது" என்றார்கள். சரி, பவுண்டே செத்த ஊருக்குப் போவோம்.

அயர்லாந்தில் 2002 ஜனவரி 1 அன்று யூரோ வந்தது. பிப்ரவரி 9-ஆம் தேதி ஐரிஷ் பவுண்டு செல்லாக்காசானது. மாற்று விகிதம் ஒரு யூரோவுக்கு 0.787564 பவுண்டு, அதாவது 100 பவுண்டு கொடுத்தால் கிட்டத்தட்ட 127 யூரோ. ஐரிஷ் மொழியில் அந்தப் பவுண்டுக்கு 'பன்ட்' என்பது முறையான பெயர். அதை ஏன் பன்ட் என்கிறார்கள் என்று ஒரு பழைய கேள்வி உண்டு: 'வங்கி மேலாளர்' என்பதற்கு எதுகையாக வருவதால் என்பது பதில். வராது. மேலாளரை வாடிக்கையாளர் மனதுக்குள் அழைக்கும் வசைச்சொல்லுக்குத்தான் எதுகை வரும், அதைச் சபையில் சொல்ல மாட்டேன். அரசு வைத்த அந்தப் பெயர் காசோடு போனது. தெரு வைத்த குவிட் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யூரோவுக்குக் குடிபோயிற்று. டப்ளினில் இன்று பத்து குவிட் என்றால் பத்து யூரோ. குவிட் என்று எந்த நோட்டிலும் அச்சடித்ததில்லை. பிறகு எந்த மத்திய வங்கி அதைச் செல்லாது என்று அறிவிக்கும்?

இதில் தொல்லையும் உண்டு. அயர்லாந்துக் குடியரசின் டண்டாக் ஊர் தெற்கே, பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தின் நியூரி ஊர் வடக்கே, நடுவில் எல்லை. டண்டாக்கில் குவிட் என்றால் யூரோ, காரில் கொஞ்ச நேரம் வடக்கே ஓட்டினால் அதே குவிட் ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டிஷ் பவுண்டு. விலை பேசுமுன் எந்த குவிட் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் பேரம் முடிந்தபின் சண்டைதான்.

கடைசியாக ஒன்று, மணி அடித்துவிடாதீர்கள். ஒருவன் நண்பனிடம் ஆறு குவிட் கடன் வாங்கியிருந்தான். திருப்பித் தரும் நாளில் ஒரு நோஞ்சான் கணவாய் மீனைக் கொண்டுவந்து கையில் வைத்து, 'இந்தா உன் கடன்' என்றான். ஆறு குவிட் என்பது அங்கே 'ஸிக்ஸ் குவிட்'. நோயாளிக் கணவாய் 'ஸிக் ஸ்குவிட்'. 1971-க்கு முன்னும் பின்னும் லண்டனில் இது செல்லும். யூரோ வந்தபின் டப்ளினிலும் செல்லும். எதிரணி நண்பர்கள் முறைப்படி 'ஸிக்ஸ் யூரோ' என்று சொல்லிப் பார்க்கட்டும், ஒரு கணவாயாவது வலையில் விழுகிறதா என்று பார்ப்போம்.