கார் கண்ணாடிய ஒடச்சவன் கோர்ட்டுக்கு ஏன் வரல?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, சேர் காலியா இருக்கு.

கலிஃபோர்னியாவுல, சான் ஃபிரான்சிஸ்கோவச் சுத்தி பே ஏரியாவுல இருக்குற நம்மள்ல நெறைய பேருக்கு இது நடந்திருக்கும். ஊர்லேருந்து அம்மா வந்திருந்தாங்க, கோல்டன் கேட் பாலத்தக் காட்டணும்னு சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டிட்டுப் போனேன், கார நிறுத்திட்டு அரை மணி நேரத்துல திரும்பி வந்தா பின் கண்ணாடி தூள் தூளா கெடக்கு, பையக் காணோம், அம்மா பாஸ்போர்ட்டும் அதுலதான். ஆன்லைன்ல கம்ப்ளைன்ட் போட்டேன், ஒரு நம்பர் வந்துச்சு, அதோட சரி.

அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. சைனாடவுன்ல சின்னக் கடை வச்சிருக்கவங்க கோவமும் நியாயம்தான். ஆனா கோவம் யார் மேல போச்சுன்னு பாருங்க. 2022 ஜூன்ல ரீகால், அதாவது பதவியிலேருந்து எறக்குற ஓட்டெடுப்பு, கிட்டத்தட்ட நூத்துக்கு 55 பேர் சேர்ந்து டி.ஏ.வ, அதாவது குற்றவாளிங்க மேல கேஸ் போடுற அரசு வக்கீல் செசா புடின வீட்டுக்கு அனுப்பினாங்க, சின்னக் குற்றத்துக்கெல்லாம் கேஸே போட மாட்டேங்குறாருன்னு. அவரு பதவிக்கு வந்ததே 2020 ஜனவரியில. கார் உடைப்பு ஊரையே நாறடிச்ச வருஷம் 2017, 31,000க்கும் மேல கம்ப்ளைன்ட். அதுல நூத்துக்கு ரெண்டு கேஸ்லகூட கைது இல்லங்க! சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? போலீஸ் ஆளப் பிடிச்சுக் குடுத்தாத்தான் டி.ஏ. கேஸ் போட முடியும்.

அப்படியே பிடிச்சாலும் இன்னொரு கூத்து இருந்துச்சு. கார் கதவு பூட்டியிருந்துச்சுன்னு நிரூபிக்கணும், இல்லன்னா அந்தப் பிரிவுல கேஸ் நிக்காது. வாடகைக் கார்ல சுத்திப் பாக்க வந்தவரு எப்பவோ ஊருக்கு ஃபிளைட் ஏறியிருப்பாரு, கதவப் பூட்டினேன்னு சாட்சி சொல்ல அவரு திரும்பி வருவாரா? இத மாத்துற சட்டத்துல கவர்னர் கையெழுத்துப் போட்டதே 2024 ஆகஸ்ட்லதான், அமலுக்கு வந்தது 2025ல.

கலிஃபோர்னியாவுல கடைத் திருட்டுன்னா எல்லாரும் 950 டாலர் கணக்கச் சொல்லுவாங்க, அதுக்குக் கீழ திருடுனா கேட்பாரே இல்லன்னு. தப்பு. அது மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குற்றம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு. டெக்சாஸ்ல திருட்டு ஃபெலனி, அதாவது பெரிய குற்றம் ஆக 2,500 டாலர் தாண்டணும், அந்த ஊர யாராவது திருடனுக்கு எளக்காரம் காட்டுற ஊருன்னு சொல்றாங்களா? வால்கிரீன்ஸ் மருந்துக் கடைக்காரங்க 2021ல சான் ஃபிரான்சிஸ்கோவுல அஞ்சு கடைய மூடப்போறோம்னு அறிவிச்சப்ப திருட்டத்தான் காரணம் காட்டுனாங்க, 2023 ஜனவரியில அவங்க நிதி அதிகாரியே போன வருஷம் கொஞ்சம் ஓவரா அழுதுட்டோம் போலன்னு ஒத்துக்கிட்டாரு.

அப்ப எல்லாரையும் விட்ருலாமான்னு கேட்டீங்கன்னா, இல்ல. பாஸ்டன்ல நடந்த ஒரு ஆய்வு எனக்கு முக்கியமாப் படுது, கேஸ் போடலாமா வேணாமான்னு ரெண்டுங்கெட்டானா இருக்குற சின்னக் குற்றங்கள்ல கேஸ் போடாம விட்டப்ப அந்த ஆளுங்க திரும்ப மாட்டுறது பாதிக்கும் மேல கொறஞ்சிருக்கு, அதுலயும் முதல் தடவை மாட்டுனவங்ககிட்ட நல்லாவே. ஒரு கேஸ் பேர்ல ஏறிட்டா வேலை கெடைக்காது, அப்புறம் அவன் எங்க போவான்? ஆனா நாளெல்லாம் கார் கார சுத்தி வந்து அடிக்கிற கும்பல் வேற, அவங்களத் தொரத்தித்தான் ஆகணும்.

தொரத்துனா நடக்குதுங்க. 2023ல திருடனப் பிடிக்க போலீஸே தூண்டில் கார் நிறுத்த ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் நம்பர் பிளேட் படிக்கிற கேமரா வச்சாங்க, 2024ல கார் உடைப்பு பாதிக்கும் மேல கொறஞ்சுது. புது டி.ஏ. புரூக் ஜென்கின்ஸ் கறாரா இருந்ததும் காரணம்னு சொல்றாங்க, இருக்கலாம், நாடு முழுக்கவே அப்ப குற்றம் கொறஞ்சுட்டுதான் வந்துச்சு. ஆனா தொடர்ந்து திருடுறவங்களுக்குத் தண்டனைய ஏத்துன ப்ராப் 36, மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம், அமலுக்கு வந்தது 2024 டிசம்பர் நடுவுல, அதுக்குள்ள வருஷமே முடிஞ்சுபோச்சு.

அதனால டி.ஏ.கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி போலீஸ்கிட்ட கேளுங்க, எத்தன கம்ப்ளைன்ட்ல ஆளப் பிடிச்சீங்கன்னு. சிட்டி ஹால்ல போலீஸ் கமிஷன் கூட்டம் புதன்கிழமை சாயங்காலம் நடக்கும், யாரு வேணும்னாலும் எழுந்து பேசலாம். என் கம்ப்ளைன்ட் நம்பர நான் எடுத்துட்டுப் போறேன், உங்கள்தையும் எடுத்துட்டு வாங்க, கார்ல அஞ்சு பேருக்கு எடம் இருக்கு.