இருபது ஆண்டு கழித்துச் சொன்னாலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பலருக்கு அதை வாய்விட்டுச் சொல்ல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. கொடுமை செய்தவர் பெரும்பாலும் தெரிந்தவர்: மாமா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். நடந்தது என்னவென்றே குழந்தைக்குப் புரிவதில்லை. புரிகிற வயதில், சொன்னால் குடும்பம் உடைந்துபோகும் என்ற பயம் வாயைக் கட்டிவிடுகிறது. முப்பது வயதில் துணிந்து காவல் நிலையத்துக்குப் போனால், "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க? இனிமே கேஸ் நிக்காதும்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலான வழக்குகளில் இந்தப் பதில் சட்டப்படி தவறு. ஆனால், அது சரியாக அமைந்துவிடும் ஓர் இடமும் நம் சட்டத்தில் இருக்கிறது.

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கான காலவரம்பை முடிவு செய்வது அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை. அபராதம் மட்டும் என்றால் 6 மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் 1 ஆண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ஆண்டு. மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்குக் காலவரம்பே கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு அதையே சொல்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் தொட்டாலே 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆக, தொட்ட குற்றம் எதற்கும் காலவரம்பு இல்லை. அதைவிடக் கொடிய குற்றங்களுக்குச் சொல்லவே வேண்டாம். குழந்தைப் பருவத்தில் நடந்ததை வளர்ந்தபின் எந்த வயதிலும் புகார் செய்யலாம் என்று 2018இல் மத்திய சட்ட அமைச்சகமும் தெளிவுபடுத்தியது.

சிக்கல், தொடாமல் செய்யும் குற்றங்களில் இருக்கிறது. ஆபாசப் படம் காட்டுவது, அசிங்கமாகப் பேசுவது, உடம்பைக் காட்டச் சொல்வது, விடாமல் பின்தொடர்வது ஆகியவை போக்சோ 11ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு. 12ஆம் பிரிவுப்படி இதற்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. எனவே காலவரம்பும் 3 ஆண்டு. அந்த 3 ஆண்டு குற்றம் நடந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. 12 வயதுச் சிறுமிக்கு நடந்தால் அவளது 15ஆவது வயதில் கதவு சாத்தப்படுகிறது. அவள் இன்னும் குழந்தைதான்.

இதைச் சொத்து வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மைனரின் நிலத்தைக் காப்பாளர் முறைகேடாக விற்றுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்த பிறகும் 3 ஆண்டு அவகாசம் தருகிறது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். சின்னப் பிள்ளைக்கு நியாயம் கேட்கத் தெரியாது என்று நிலத்துக்காக ஒப்புக்கொள்ளும் சட்டம், அந்தப் பிள்ளை பட்ட தொந்தரவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இது திருத்தப்பட வேண்டிய அநீதி. 18 வயது வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த வரி வரும்வரை இரண்டு வழிகள் உள்ளன. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அல்லது நீதியின் பொருட்டு அவசியம் என்று பட்டால், காலம் கடந்த வழக்கையும் நீதிமன்றம் ஏற்கலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 519ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. அடுத்தது, குற்றத்தைச் சரியான பிரிவில் பதிவு செய்வது. குழந்தையின் ஆபாசப் படத்தைக் கைப்பேசியில் பரப்பியிருந்தாலோ, இணையம் வழியே குழந்தையைப் பாலியல் பேச்சுக்கு இழுத்திருந்தாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பொருந்தும். முதல் முறை குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை என்பதால் அதற்குக் காலவரம்பு இல்லை. ஒன்றாக விசாரிக்கப்படும் குற்றங்களில் பெரிய தண்டனை உள்ளதை வைத்தே காலம் கணக்கிடப்படும். போக்சோ 12 மட்டும் போட்டுவிட்டு 67பியை விட்டால், நிற்க வேண்டிய வழக்கு காலவரம்பில் விழக்கூடும்.

இன்னும் பழைய சம்பவங்களுக்கு வேறு கணக்கு. போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அரசமைப்பின் 20ஆம் பிரிவுப்படி, செய்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டிக்க முடியும். 1995இல் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அதில் வன்புணர்வுக்கான 376க்கும், ஆண் குழந்தைகளுக்கு எதிரான வன்புணர்வுக்குப் பயன்பட்ட 377க்கும் காலவரம்பு இல்லை. ஆனால் மானபங்கத்துக்கான 354இன் தண்டனை 2013 பிப்ரவரி 3 வரை 2 ஆண்டுதான். அதனால் அந்தக் காலத்துத் தொடுகைக் குற்றங்களுக்கு 3 ஆண்டு வரம்பு உண்டு.

இனி புகார் எழுதும் விதம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை அவர்களுடையது இல்லையென்றால் ஜீரோ எப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பல ஆண்டு கழிந்த சம்பவத்தில் தேதி நினைவில் இருக்காது. அதற்காக ஊகித்து ஒரு தேதி எழுதிவிடாதீர்கள்; குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டே வழக்கை உலுக்குவார்கள். "ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை", "தாத்தா இறந்த வருடம் பொங்கலுக்கு முன்" என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எந்த வீடு, எந்தப் பள்ளி, அப்போது யார் கூட இருந்தார்கள், முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் சேருங்கள். முதலில் கேட்ட அந்த நபர் முக்கியமான சாட்சி.

தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே ஒரு பத்தியாக எழுதுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் எப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்றது. ஆனால் 3 மாதத்துக்கு மேல் விளக்கமில்லாத தாமதம் இருந்தால் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும் சொன்னது. காரணம் எழுதாத புகார் அந்த விசாரணையில் போய் மாட்டிக்கொள்ளும். தாமதம் மட்டுமே பாலியல் வழக்கைக் கெடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் குர்மித் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

அப்போது 18 வயது நிறையவில்லை என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வையுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பழைய கைப்பேசியில் செய்திகள் இருந்தால் அதை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

ஆய்வாளர் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நேரே போக்சோ நீதிமன்றத்தில் முறையிட போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது. போக்சோ புகாரைப் பதிவு செய்ய மறுப்பதே 6 மாதம் வரை சிறைக்குரிய குற்றம். புகார் வந்ததை மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், அது எப்.ஐ.ஆர். ஆகாது. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்கியதும் நிலையத்தை விட்டுக் கிளம்புமுன் பிரிவு எண்களைப் படியுங்கள். நீங்கள் சொன்ன குற்றத்துக்குரிய பிரிவு அதில் இல்லையென்றால் அங்கேயே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். குழந்தை இப்போது ஆபத்தில் இருந்தால் 1098க்கோ 112க்கோ உடனே அழையுங்கள்.