பழைய எஞ்சினும் புதிய கியர்பாக்ஸும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் செவ்ரோலெட் நிறுவனம் 1947ஆம் ஆண்டு கோடையில் அறிமுகப்படுத்தி, 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தயாரித்த அரை டன் பிக்கப் வண்டிகளை அந்நாட்டில் இன்றும் பலர் ஓடும் நிலையில் வைத்துப் பேணி வருகிறார்கள். அவற்றின் ஆறு சிலிண்டர் எஞ்சின் உழைப்புக்குப் பேர் போனது. ஆனால் அவற்றை ஓட்டுவோர் பலருக்கு வயதாகிவிட்டது. கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர்கள், அந்த வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்த முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். எப்படிப் பொருத்துவது, எங்கே கவனம் தேவை என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பழைய எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினையும் அதற்கேற்ற கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் சுலபமான வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆறு சிலிண்டரின் நிதானமான ஓசைதான் அந்த வண்டியின் உயிர் என்று நான் கருதுகிறேன். ஆட்டோமேட்டிக் அந்த வண்டிக்கு முற்றிலும் அந்நியமும் அன்று; 1954ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் இலகு ரக லாரிகளில் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸை விருப்பத் தேர்வாக வழங்கியது. அதே ஆண்டு முதல் அரை டன் வண்டிகளுக்கு 235 கன அங்குல எஞ்சின் வந்தது. அதற்கு முந்தைய 216 கன அங்குல எஞ்சினில், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு எண்ணெயை அள்ளித்தான் ராடு பேரிங்குகள் நனைந்தன. 1954ஆம் ஆண்டின் 235 எஞ்சினிலோ பம்ப் அழுத்தத்தோடு எல்லாப் பேரிங்குகளுக்கும் எண்ணெய் செல்கிறது. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்ட நினைப்பவர்கள் இந்த எஞ்சினையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கியர்பாக்ஸ் என்று வரும்போது, பெரும்பாலோர் நாடுவது 700ஆர்4 என்ற நான்கு வேகப் பெட்டியை. இது 1982ஆம் ஆண்டு மாடல் வண்டிகளில் அறிமுகமானது. இதன் முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது கியர் 0.70, அதாவது பெட்டியிலிருந்து வெளிவரும் சுழற்சியைவிட எஞ்சின் குறைவாகவே சுற்றும் ஓவர்டிரைவ். இந்தக் கடைசி எண்ணில்தான் பயன் முழுவதும் இருக்கிறது. அரை டன் வண்டியின் பின் அச்சு விகிதம் 4.11, டயரின் விட்டம் சுமார் 28 அங்குலம். மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகத்தில் நேர் கியரில், அதாவது 1.00 விகிதத்தில், செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,960 முறை சுற்றும். ஓவர்டிரைவில் அதே வேகத்துக்கு 2,070 சுற்றுகள் போதும். உச்சக் குதிரைத் திறனை 3,700 சுற்றிலேயே எட்டிவிடும் ஒரு எஞ்சினுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

இனி, வேலைக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வந்த வி-8 எஞ்சினின் பின்முக போல்ட் அமைப்பை ஒட்டி வடிவமைக்கப்பட்ட இந்தப் பெட்டி, 235 எஞ்சினின் பின்முகத்தில் நேராக உட்காராது. இடையில் ஒரு அடாப்டர் தகடு வேண்டும். கனமான ஃபிளைவீலுக்குப் பதிலாக மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட்டும், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கைக் கிராங்க் ஷாஃப்ட் முனையில் தாங்கும் வளையமும் வேண்டும். இவை அனைத்தும் தொகுப்பாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் தகட்டை மாட்டியதும் டயல் கேஜ் வைத்து, பெட்டியின் மையமும் கிராங்க் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று அளந்து பார்க்காமல் மேலே செல்லக் கூடாது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால், அதில் ஒரு சில பங்கு விலகல் மட்டுமே தாங்கும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டியில் கன்வெர்ட்டர் முழுவதுமாக உள்ளே இறங்குவதற்கு முன்பே, இடைவெளி மூடிவிடும் என்ற நம்பிக்கையில் போல்ட்டுகளை முறுக்கிவிட்டேன். பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள எண்ணெய் பம்ப் உடைந்தது. புதிதாகச் சீரமைத்த பெட்டியை மீண்டும் பிரிக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் ஒரு வழக்கத்தை விடாமல் பின்பற்றுகிறேன். பெட்டியும் எஞ்சினும் கைவிரல் முறுக்கிலேயே முழுமையாக ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃபிளெக்ஸ் பிளேட்டை நோக்கி அதை இழுத்தால் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன்.

பொருத்துவது இத்தோடு முடிந்துவிடலாம். பொருந்துவதற்கு இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. இவற்றைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். முதலாவது கவர்னர். பெட்டியின் பின்பகுதியில் சுழலும் இந்தச் சிறு உறுப்பில் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வண்டியின் வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து எண்ணெய் அழுத்தத்தை உயர்த்துவதால்தான் கியர் தானாக மாறுகிறது. வேகமான வி-8 காருக்காக அமைத்த கவர்னர், முழு ஆக்சிலரேட்டரில் 4,500 சுற்றுக்கும் மேலே எஞ்சினை ஏறவிட்டுப் பிறகே கியரை மாற்றக் கூடும். நம் பழைய எஞ்சினோ அந்த உயரத்துக்குப் போகவே பிறந்ததல்ல. அது அங்கே அலறிக்கொண்டு நிற்கும், கியர் மாறாது. ஆகவே 3,500 சுற்றுக்குள் மாறும்படி எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மீண்டும் மாற்ற வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை இது.

இரண்டாவது, ஆக்சிலரேட்டரோடு இணையும் டி.வி. கேபிள், அதாவது த்ராட்டில் வால்வு கேபிள். கியர் மாறும் நேரத்தை மட்டுமே இது தீர்மானிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியன்று, பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தத்தையே இந்தக் கேபிள்தான் ஆளுகிறது. கார்புரேட்டர் முழுதும் திறக்கும்போது கேபிளும் முழுதும் இழுபட வேண்டும். 235 எஞ்சினின் ஒற்றைக் குழல் கார்புரேட்டரில் உள்ள நெம்புகோலின் நீளம், அந்தப் பெட்டிக்கென்று வடிவமைத்த நெம்புகோலின் நீளத்தோடு ஒத்துவராது. ஏதோ ஒரு துளையில் கேபிளை மாட்டிவிட்டால் அழுத்தம் குறைந்து, தட்டுகள் வழுக்கி, சில கிலோமீட்டருக்குள்ளேயே கருகிவிடும். கேபிளின் இழுவையைச் சரிசெய்யும் தனி பிராக்கெட்டுக்குச் செலவிட மனம் வராதவர்கள், பிறகு பெட்டிக்கே செலவிட நேர்கிறது.

அடுத்து வண்டியின் அடிப்பகுதி. 1954ஆம் ஆண்டு வரை அரை டன் வண்டிகளில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் சுழன்றது. பின் சக்கரங்கள் வண்டியை உந்தும் விசையும் அந்தக் குழாய் வழியாகவே முன்னே சென்றது. புதிய பெட்டியின் வாலில் இந்தக் குழாயை இணைக்க இடமில்லை. எனவே திறந்த ஷாஃப்ட் கொண்ட பின் அச்சு ஒன்றைத் தேட வேண்டும். 1955ஆம் ஆண்டில் நிறுவனமே குழாயைக் கைவிட்டதால், அதற்குப் பிந்தைய லாரி அச்சுகள் இதற்கு உதவும். பெட்டியின் வால் பகுதியைத் தாங்கச் சேஸிஸில் புதிய குறுக்குச் சட்டமும் அமைக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பலவற்றுக்குக் காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர்தான் இருந்தது. கியரில் இருக்கும்போதே மிதித்தால் வண்டி பாய்ந்துவிடும். நியூட்ரலிலும் பார்க்கிங்கிலும் மட்டும் செல்ஃப் வேலை செய்யும்படியான சுவிட்சைப் பொருத்தாமல் வண்டியை யாரிடமும் கொடுக்காதீர்கள். மின்சாரமும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். கன்வெர்ட்டரின் வழுக்கலை நிறுத்தும் லாக்-அப் அமைப்புக்கு அது தேவை. பழைய ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்க வழியில்லாததால் தனிக் கூலரையும் முன்பக்கம் வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து முதன்முறை ஓட்டும்போது ஆளில்லாத சமதளச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டிவிட்டு நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸின் எண்ணெய் அளவைக் காட்டும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் தொடர்ந்து செல்லலாம். பழுப்பேறி, கருகிய வாடை வீசினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் அந்த டி.வி. கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.