யாருடைய கையெழுத்து?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்களே, தங்கைகளே, மார்க்கெட்டிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் காசிமேட்டு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பெண்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு: "கருக்கலைப்பு உரிமையைப் பெண்ணுக்குப் பெற்றுத் தருவது சட்டமா, மக்கள் முயற்சியா?" மக்கள் முயற்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் சொன்னார்: "அமெரிக்காவுக்கே 1973-ல்தான் இந்த உரிமை கிடைத்தது. நமக்கு 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு பெண்ணும் கொடி பிடிக்காமல் வந்தது. இனி எதற்குக் கூட்டம், இயக்கம்?" நல்ல கைதட்டல் வாங்கினார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் 1973-ல் நீதிமன்றம் கொடுத்ததை 2022 ஜூன் 24-ஆம் தேதி அதே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஐம்பது வருடத் தீர்ப்பு ஒரே நாளில் போனது. அடுத்த ஆறு வாரத்தில் கான்சாஸ் மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பு. மாநில அரசியல் சட்டத்திலிருந்தும் அந்த உரிமையை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று பெரும்பான்மையாக வாக்களித்தது யார்? வீடு வீடாகப் போய்ப் பேசிய பெண்களும் அவர்கள் பேச்சைக் கேட்ட சாதாரண மக்களும். சட்டம் கைவிட்ட இடத்தில் அவர்கள்தான் நின்றார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கொடி பிடிக்காமல் வந்தது என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். அதில்தான் சிக்கல் இருக்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. கலைத்தவருக்கு மட்டும் இல்லை, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை. அதனால் பெண்கள் கலைக்காமல் இருந்தார்களா? எருக்கங்குச்சியை வைத்துச் செத்தார்கள். அதையெல்லாம் பார்த்து 1964-ல் அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. 1966-ல் அறிக்கை வந்தது, 1971-ல் சட்டமானது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எத்தனையோ பெண்களின் உயிரைக் காப்பாற்றிய சட்டம் அது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெண் கேட்டால் செய்துகொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இன்னின்ன காரணம் இருக்கிறது என்று பதிவு பெற்ற மருத்துவர் கருதிச் செய்தால் அவர் குற்றவாளி ஆக மாட்டார் என்றுதான் இருக்கிறது. 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில நிலைமைகளில் இருக்கும் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே போனால், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருக்கிறது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். சுமப்பது இவள், சொல்வது வேறொருவர். 1860-ன் அந்தக் குற்றமும் ஒழியவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 88-ஆவது பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் பெண்ணின் பக்கம் நிற்கும் ஒரு வரி அந்த 1971 சட்டத்தில் உண்டு. 18 வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். படிவம் 'சி' என்று ஒரு தாள். அதில் அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கணவர் கையெழுத்து வேண்டாம், மாமியார் வேண்டாம், அப்பா வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்கச் சொல்ல மாட்டேன், பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். தெரியாதது உங்கள் தவறும் இல்லை. நாங்கள் மகளிர் குழுவில் இதைச் சொல்லும்போதெல்லாம், "அக்கா, நெஜமாவா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கூடப் போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். வீட்டு வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகள். நாள் தள்ளிப் போனது தெரிந்ததும் ஒரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே முதல் கேள்வியே "வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா?" என்பதுதான். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெண் எப்படிச் சொல்வார்? நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிட்டார். அடுத்த முறை போனபோது, கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டால்தான் ஆகும் என்றார்கள். அப்படி ஒரு நிபந்தனை எந்தச் சட்டத்திலும் இல்லை. மூன்றாம் முறைதான் எங்களிடம் வந்தார். சட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் கூடப் போனோம். சத்தம் போடவில்லை. பிரிவைக் காட்டிப் பேசினோம். அன்றைக்கே பதிவு செய்தார்கள்.

நடுவர் அவர்களே, மூன்று முறையும் சட்டம் அதே சட்டம்தான்.

மாத்திரையால் கலைப்பதற்கு இங்கே ஒன்பது வாரம்தான் வரம்பு. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று இரண்டு மருந்து. அலைய விடும் ஒவ்வொரு வாரமும் அந்த ஒன்பதில் கழிகிறது. கழிந்தால் பெரிய சிகிச்சை, அதிக வலி, அதிகச் செலவு. 2015-ல் இந்தியாவில் எத்தனை கருக்கலைப்பு நடந்தது என்று ஆராய்ந்தவர்கள் ஒரு கோடியே 56 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம்தான். 73 சதவீதம் வெளியில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையால். சரியான நாளில், சரியான அளவில் சாப்பிட்டால் அந்த மாத்திரை பாதுகாப்பானதுதான். அளவை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ரத்தம் எவ்வளவு போனால் ஓட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுபோக எந்த நாடாளுமன்றம் வரும்?

எதிரணித் தங்கை, "2022 தீர்ப்பைப் பாருங்கள், உச்ச நீதிமன்றமே கொடுத்தது" என்றார். பார்த்தேன். செப்டம்பர் 29, நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. 24 வாரம் வரை என்பதில் திருமணமானவள், ஆகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்றது. கணவனே பலவந்தம் செய்து உண்டான கருவையும் இந்தச் சட்டத்துக்கு மட்டும் பாலியல் வன்முறையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. அருமையான தீர்ப்பு. அது எப்படி வந்தது? திருமணமாகாத 25 வயதுப் பெண் ஒருத்தி டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்த பிறகும் அடங்கிப் போகாமல் மேலே போனதால் வந்தது. அவள் வயிற்றில் வாரங்கள் ஏறிக்கொண்டே இருந்தன, அதோடுதான் வழக்காடினாள். அந்தத் தீர்ப்பு எங்கள் அணிக்குத்தான் சாட்சி.

அயர்லாந்தில் 2012 அக்டோபரில் நம் பக்கத்து கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் இறந்தார். 17 வாரக் கரு. கலையப்போவது உறுதி என்று தெரிந்தும், சிசுவின் இதயத் துடிப்பு இருக்கிறது என்று சொல்லி மறுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி உயிர் போனது. சட்டத்தை நம்பி இருந்தால் அங்கே இன்றும் அதே நிலைதான். பெண்கள் தெருவில் இறங்கி, கதவு கதவாகத் தட்டி, 2018 மே மாதம் வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேரைத் தங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். அர்ஜென்டினாவில் இந்த உரிமைக்காகப் பச்சைக் கைக்குட்டை கட்டிப் போராடிய பெண்களின் மசோதாவை 2018-ல் செனட் தோற்கடித்தது. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. 2020 டிசம்பர் 30-ல் அதே செனட் நிறைவேற்றியது.

நமக்கும் இது புதிது இல்லை. 1930-லேயே குடிஅரசு இதழில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் உடல்நலத்துக்கு என்கிறார்கள், சொத்து சிதறாமல் இருக்க என்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்கு என்கிறோம் என்பதுதான் அவர் வாதம். அதற்கு நாற்பது வருடம் கழித்துத்தான் நாடாளுமன்றம் விழித்தது, அதுவும் பாதிக் கண்ணை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1981-ல் தலித் பெண்கள் முன்நின்று தொடங்கிய ருவ்செக் அமைப்பு, உடலைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்ட கிராமங்களில் இதைப் பேச வைத்தது.

ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "இதையெல்லாம் தெருவில் பேசினால் பெண் சிசுவை அழிப்பது அதிகமாகாதா?" என்று கேட்டார்கள். உசிலம்பட்டியையும் சேலத்தையும் பார்த்த மாநிலம் இது, அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்கும் உண்டு. ஆனால் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. குற்றம் அந்த ஸ்கேன் அறையில் நடக்கிறது, அங்கே போய்ப் பிடியுங்கள். அதை விட்டுவிட்டு, மூன்று மாதம் தாண்டி வரும் ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகமாகப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், மாட்டிக்கொள்வது வன்முறைக்கு ஆளான சிறுமியும், தாமதமாகத் தெரிந்துகொண்ட ஏழைப் பெண்ணும்தான். பெண் குழந்தை வேண்டாம் என்று மருமகளை நெருக்கும் வீட்டுக்குள் போய் எதிர்த்துப் பேசுவதும் இதே மகளிர் குழுக்கள்தான். வேண்டாத கருவைச் சுமக்கச் சொல்வதும், வேண்டும் என்கிற கருவைக் கலைக்கச் சொல்வதும் இரண்டுமே அவள் கையெழுத்தை வேறொருவர் போடுவதுதான்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்று நாளைக் காலையில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அப்போது அவள் பக்கத்தில் நின்று, இவள் கையெழுத்தே போதும் என்று சொல்லப்போவது யார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.